கால் அறிந்த மலை

சங்க இலக்கியத்தில் இயற்கை என்ற பொருளில் நம் சங்க மேடைகளில் நிகழாத சொற்பொழிவு இல்லை. நம் மலர்களில் வெளிவராத கட்டுரையும் இல்லை. மலையும் அருவியும் மயிலும் முறையாக வரும். குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களும் வரும். பேசுவோர் சுவைபடவே பேசுகின்றனர். ஆயினும் இவற்றைக் கேட்டு முடிக்குந்தோறும் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. அந்த மலையை அந்தப் புலவர் எங்கே நின்று பார்த்தார்? மாடத்தில் நின்று பார்த்தாரா, மலையின்மீது நடந்துகொண்டே பார்த்தாரா? இவ்விரண்டு பார்வைகளும் ஒன்றல்ல. மாடத்திலிருந்து பார்ப்பவனுக்கு மலை நீலநிறமாகத் தோன்றும். நடப்பவனுக்கு மலைக்கு நிறமே இல்லை. அடுத்த அடியை எந்தக் கல்லின்மேல் வைப்பது என்பதுதான் அவனுக்கு மலை.

நம் திறனாய்வு பெரும்பாலும் மாடத்துப் பார்வையையே பின்பற்றி வந்திருக்கிறது. இயற்கையை உள்ளுறையாகவும், இறைச்சியாகவும், மாந்தர் உணர்வுக்குப் பின்புலமாகவும் விளக்கும் நெறி பெரியது, மதிக்கத்தக்கது. டாக்டர் மு. வரதராசனாரும் தனிநாயக அடிகளாரும் இத்துறையில் செய்த பணியை யார் மறப்பார்? (அவ்விருவருடைய அடிப்படை நூல்களும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றவை என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்வோம்; பின்னர் அதற்கு வருவோம்.) ஆனால் உழைக்கும் உடம்பு, ஏறி இறங்கிக் களைத்து நனைந்த உடம்பு, இயற்கையை எவ்வாறு அறிகிறது என்ற கேள்வி நம் திறனாய்வில் இன்னும் முறையாகக் கேட்கப்படவில்லை என்பது நம் துணிபு. கேட்டிருந்தால் பத்துப்பாட்டில் மிகுதியாகப் பயிலப்படும் பாட்டு வேறொன்றாக இருந்திருக்கும்.

அது மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்துவேள் நன்னன்சேய் நன்னனைப் பாடியது. 583 அடிகள், பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நீளமுடையது. 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்தொட்டு அச்சில் இருக்கிறது. எனினும் முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் பெற்ற ஆராய்ச்சியும் அன்பும் இதற்குக் கிட்டவில்லை. இதன் காரணத்தை ஊகிக்கலாம். இதில் காதல் இல்லை, பிரிவு இல்லை. ஒரு கூத்தர் கூட்டம் மலையைக் கடந்து செல்லவேண்டிய வழிதான் இருக்கிறது. கூத்தராற்றுப்படை என்று இதற்கு மறுபெயர் வழங்குவதும் அதனால்தான்.

அந்தக் கூட்டத்தை முதலில் பார்க்கவேண்டும். அது ஒரு குடும்பம். யாழும் முழவும் கொம்பும் பைகளில் இட்டுத் தோளில் சுமந்த ஆடவர், விறலியர், செம்மறிக் குட்டிகளைப் போன்ற புன்தலைச் சிறுவர்கள். விறலியரின் கால்களைப் புலவர் எப்படிக் காண்கிறார்? தாமரை என்றோ அனிச்சம் என்றோ சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கல் பொருது தேய்ந்த அந்தச் சிற்றடிகள் ஓடிக் களைத்த நாயின் நாவைப் போல் இருக்கின்றனவாம். பிற ஆற்றுப்படைகளிலும் வரும் உவமைதான் இது. ஆயினும் இப்பாட்டில் இது மரபுக்காக வந்ததாகத் தோன்றவில்லை. சிவந்து, மெலிந்து, துடிக்கும் உள்ளங்காலுக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நாம் அறியோம். நாள் முழுதும் மலையேறிவிட்டுக் காலணியைக் கழற்றியவர் எவரும் இதற்குச் சான்று கூறுவர்.

இனி வழி. நன்னனைக் கண்டு மீளும் கூத்தன், எதிரே வரும் கூத்தனுக்குச் சொல்லும் அறிவுரைகளை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பார்க்கவேண்டும். தினைப்புனங்களில் பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு. ஆகவே இருளில் கிளம்பாமல் விடிந்தபின் புறப்படுங்கள். பலர் நடந்து பழகாத தடத்தில் செல்ல நேர்ந்தால், பரற்கற்கள் உடைந்த பிளவுகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும். மரத்தின்மேல் ஏறிச் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பரணில் இருப்போர் யானையை விரட்டக் கவணால் எறியும் கல் கூற்றுவனைப் போல் வரும். மரங்களின் பின்னே மறைந்து மறைந்து கடந்துவிடுங்கள். கான்யாற்றைக் கடக்கும் இடத்தில் ஆழ்கயமும் முதலையும் உண்டு. கொடி சுற்றிய மரத்தைப் பற்றிக்கொண்டு, சிறுவர்களோடு ஒருவரை ஒருவர் காத்து ஒவ்வொருவராக இறங்குங்கள். நுண்ணிய பாசி படர்ந்து அடி வழுக்கும் சரிவில், வழியை அடைத்து வளர்ந்திருக்கும் சிறுமூங்கிலையும் கோரைத்தண்டையும் கைப்பிடியாகக் கொள்ளுங்கள். இருட்டினால் கற்குகையில் உங்கள் வீட்டுக்குள் புகுவதுபோல் புகுந்து தங்குங்கள். காலையில் கிளம்பும்போது வழியில் கிடப்பது விழுந்த மரமா மலைப்பாம்பா என்று பார்த்து விலகிச் செல்லுங்கள்.

இவற்றை வருணனை என்று சொல்வது பொருந்துமா? பாசி இங்கே பச்சை நிறத்தால் அறியப்படவில்லை, வழுக்கலால் அறியப்படுகிறது. மூங்கில் அழகினால் வரவில்லை. கைக்கு அகப்படும் பிடிமானமாக வருகிறது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய ஆபத்தோடோ உதவியோடோ வருகிறது. அதுவும் நடப்பவன் எந்த வரிசையில் அவற்றைச் சந்திப்பானோ அந்த வரிசையில் வருகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் பேரறிவுக்குத் தலைவணங்கினாலும், தொலைவில் நிற்கும் சொற்களை இழுத்து மாட்டிப் பொருள் கொள்ளும் அவருடைய வழக்கம் இத்தகைய பாட்டுக்கு உகந்ததன்று என்றே சொல்லவேண்டும். முல்லைப்பாட்டில் அம்முறையை மறைமலையடிகள் வேறு காரணம்பற்றி மறுத்தார். ஆற்றுப்படையில் அதை மறுக்க ஒரே காரணம் போதும்: சொல்லின் வரிசை காலடியின் வரிசை.

பாட்டின் உச்சம் என்று நாம் கருதுவது வழிதவறும் இடம். குறவர்களே மயங்கும் குன்றுப் பகுதி ஒன்று உண்டாம். அங்கே அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது? அங்குமிங்கும் அலையாதீர்கள், அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் கூடி அமர்ந்து உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள் என்கிறார் புலவர். காட்டைக் காக்கும் கானவர், துறைதவறி வெள்ளத்தில் சிக்கியவர்களின் கூக்குரல் கேட்டு ஓடி வருவோரைப் போல் விரைந்து வருவர். உண்ணப் பழமும் சூடப் பூவும் காட்டி, முன்னே நடந்து வழிகாட்டுவர். இன்றைய மலையேற்றப் பயிற்சியில் மாணவனுக்கு முதலில் கற்பிப்பதும் இதுவே: வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில், சீழ்க்கை ஊது. சீழ்க்கைக்குப் பதிலாக இங்கே முழவு, அவ்வளவே வேறுபாடு. மன்னன் அவையில் பரிசிலுக்காக ஒலிக்கவேண்டிய கருவி, நடுமலையில் உயிர் காக்கும் கருவியாக மாறுகிறது. கலைஞர் வாழ்க்கையைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஒரு செய்தியைப் பழம்பாடல்களில் நாம் கண்டதில்லை. ஆனால் புலவர் அதைச் செய்தியாக எடுத்துரைக்கவில்லை. வழி சொல்லிக்கொண்டே கடந்து போகிறார்.

அவ்வாறு அமர்ந்து செவிகொடுக்கும் அனுபவத்தின் விளைவாகத்தான் பாட்டுக்குப் பெயர் தந்த பகுதியும் அமைந்திருக்கவேண்டும். ஏறக்குறைய இருபது ஓசைகள் அடுக்கப்படுகின்றன. அருவியாடும் மகளிரின் ஆரவாரம், முள்ளம்பன்றியால் புண்பட்ட கானவரின் அழுகை, புலி கிழித்த கணவனின் மார்புப் புண் ஆறுவதற்காக மனைவி பாடும் பாட்டு, வேங்கைப் பூவுக்காகப் பெண்கள் ‘புலி புலி’ என்று கூவும் பூசல், பிளவில் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் கதறல், தேன் அழிப்போரின் கூச்சல், தினை குற்றுவோரின் வள்ளைப்பாட்டு, கரும்பு ஆலையின் ஒலி. இவையெல்லாம் மோதி எதிரொலிக்க, மலையே ஒரு யானையாகி அதற்கு மதம் பிறந்ததுபோல் ஒலிக்கிறது என்று முடிக்கிறார். இவ்வோசைகளில் பாதிக்குமேல் மனிதர் உழைப்பின் ஓசைகள் என்பதைக் கவனிக்கவேண்டும். மனிதரை நீக்கிவிட்ட தனி இயற்கை என்று ஒன்றை இப்புலவர் அறியவில்லை. மலைக்குச் சிலம்பு என்று ஒரு பெயர். எதிரொலித்தலுக்கும் சிலம்புதல் என்றே பெயர். இரண்டும் ஒரே சொல்லானது எப்படி என்பதை இப்பகுதியைப் படித்தவர் உணர்வர்.

குறையும் சொல்லவேண்டும். நன்னனின் ஊருக்குள் நுழைந்ததும் பாட்டு தளர்ந்துவிடுகிறது. அரண்மனை முற்றத்தில் குவிந்த காணிக்கைகளும் மன்னன் வள்ளன்மையும் பிற ஆற்றுப்படைகளில் கேட்டவற்றை நினைவூட்டுகின்றன. தரை சமமானவுடன் புலவரின் சொல்லும் சமமாகிவிட்டது போலும்.

சிலப்பதிகாரத்துக்கு இதில் ஓர் இடமுண்டு. புகாரை விட்டுச் சிறிது தொலைவு நடந்ததுமே மதுரை எது என்று கண்ணகி கேட்கிறாள். முப்பது காதம், பக்கந்தான் என்று கோவலன் கலங்கிச் சிரிக்கிறான். நடந்தறியாத கால்களின் கேள்வி அது. அதைவிட நம் பொருளுக்கு நெருங்கியது கவுந்தியடிகள் வழியைப் பற்றிக் கூறும் எச்சரிக்கை. சோலை வழியே போனால், கிழங்கு அகழ்ந்த குழிகளைச் செண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும், கால் இடறும். குழியைப் பார்த்து நடந்தால் தாழத் தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். பலாவிதைகள் பாதத்தில் பரலாக உறுத்தும். வயல் வழியே போனாலோ நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அந்தப் பாவம் பொறுக்கமுடியாதது. காவிரி நாட்டின் வளத்தை எத்தனையோ புலவர்கள் பாடினர். அந்த வளத்தையே நடப்பவனுக்கு இடையூறாகக் காட்டியவர் இளங்கோ ஒருவரே. சமணத் துறவியின் அறம் இங்கே அறிவுரையாக நிற்கவில்லை. எங்கே காலை வைப்பது என்ற நடைமுறைச் சிக்கலாக இறங்கிவந்துவிடுகிறது.

நடையை விட்டு நீருக்கு வருவோம். புறநானூற்றின் 243ஆம் பாட்டு பலரும் அறிந்தது. பாடியவர் பெயர் தெரியாமல், பாட்டில் வரும் தொடரையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று வைத்துவிட்டனர். பூணிட்ட கோலை ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்கள் பேசும் முதியவர் தம் இளமையை நினைக்கிறார். பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை என்று வகுத்தாயிற்று. நிலையாமை கூறுவது என்று வகுப்பறைகளில் கற்பிப்பதும் ஆயிற்று. நாமும் அப்படித்தான் படித்தோம். ஆனால் பாட்டின் பெரும்பகுதி எதைப் பற்றியது? மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டிய சிறுமியரோடு கைகோத்து ஆடியது. ஒளிவுமறைவு அறியாத தோழரோடு, நீர்மேல் சாய்ந்த மருத மரத்தின் கிளையில் ஏறியது. கரையில் நின்றோர் வியக்க, நீர் தெறித்துச் சிதறக் குதித்தது. ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளிக் காட்டியது.

அந்த மணலை நம் திறனாய்வாளர் கண்டுகொள்ளவில்லை. மடுவின் ஆழத்தைக் கண்ணால் அறியமுடியாது. மூச்சை அடக்கி இறங்கிக் கையால்தான் அறியமுடியும். அறிந்ததற்குச் சான்று ஒரு பிடி மணல். ஆற்றங்கரைச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிய ஆட்டம் இது. காவிரியிலும் தாமிரபரணியிலும் வளர்ந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. முதுமையில் அவர் இழந்தது இளமை என்னும் பொதுப்பொருளை அன்று, அந்த ஆழத்தை. இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதுமையோடு பாட்டு முடிவதன் கூர்மையும் அப்போதுதான் புலப்படும். மூச்சடக்கி மூழ்கிய நெஞ்சும் இருமலால் பேச்சறும் நெஞ்சும் ஒன்றே அல்லவா? நிலையாமையை மட்டும் தேடிப் படிப்போர் இந்த நீச்சல்காரனைத் தவறவிடுகின்றனர்.

குறிஞ்சிப்பாட்டிலும் இப்படி ஓர் இடம் உண்டு. பூக்களின் பட்டியலுக்கு முன்னால் தலைவியும் தோழியும் அருவியில் நெடுநேரம் ஆடி, கூந்தலைப் பிழிந்து உலர்த்துகையில், கண்களின் உட்புறம் சிவந்துவிட்டிருக்கிறது. கபிலரின் தொண்ணூற்றொன்பது பூக்களையும் இந்தச் சிவந்த கண்ணையும் எதிரெதிரே வைத்தால் நாம் கண்ணையே எடுப்போம். அரிய புலமையுடையோர் பூக்களை அடுக்கிவிடலாம். அருவியில் ஆடி மீண்டவர்களை அருகிருந்து கண்டவர்தான் மற்றதை எழுதமுடியும்.

பிற்காலத்தில் இந்த மரபு அறுந்ததா என்றால், முற்றிலும் அறவில்லை. வழிநடைச் சிந்து என்று ஓர் இலக்கிய வகை இருந்தது. கோயிலுக்கு நடந்து செல்வோர் வழியிலுள்ள ஊரும் ஓடையும் சொல்லிப் பாடிக்கொண்டே நடந்தனர். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, ஊற்றுமலைத் தலைவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடையில் பாடப்பெற்றது என்பது வழங்கும் செய்தி. அதன் தாளத்தில் நடையின் அசைவு இருப்பதை இன்றும் கேட்கலாம். இலக்கிய வரலாறுகள் இவ்வகைக்கு ஒரு பத்தி ஒதுக்கி முடித்துவிடுகின்றன.

உரைநடையில் நிலைமை வேறு. 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி, காவேரி’ சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதியது. தமிழில் பயணநூல் என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டிய ஒன்று. ஆனால் தலைப்பின்படி நடந்தது காவேரிதான். ஆசிரியர்கள் பெரும்பகுதி காரில் சென்றனர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊர்களையும் மனிதர்களையும் சங்கீதத்தையும் அவர்கள் கேட்ட காது பெரிய காது. எனினும் காரில் சென்றதன் அடையாளம் நூலில் உண்டு. ஆறு தோன்றித் தோன்றி மறைகிறது. இரண்டு காட்சிகளுக்கு இடையிலுள்ள தரை நமக்குக் கிடைப்பதில்லை.

தரையை நன்கு அறிந்தவர் ஒருவர் இருந்தார். மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டில் காத்திருந்து யானைகளையும் பறவைகளையும் பார்த்தவர், படமெடுத்தவர். அவர் தமிழில் எழுதிய கட்டுரைகள் பின்னர் தியடோர் பாஸ்கரனால் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுக்கப்பெற்றன. அவற்றைப் படிப்போர், இந்தத் தமிழ் ஏன் பெருகவில்லை என்று ஏங்குவர். விடை எளிது: 1950 முதல் 1996இல் மறையும் வரை அவர் தொடர்ந்து எழுதிய இடம் கல்கத்தாவின் ஆங்கில நாளிதழ் ஒன்று. முன்னே குறித்துவைத்த செய்தியை இங்கே சேர்த்துக்கொள்ளலாம். சங்கத்தமிழர் கண்ட இயற்கையைப் பற்றிய ஆய்வும் ஆங்கிலத்தில்; காட்டை நேரில் கண்டவரின் வாழ்நாள் எழுத்தும் ஆங்கிலத்தில். எழுதியவர்களைக் குறைசொல்வது நம் நோக்கமன்று; கேட்பதற்கு ஆள் இருந்த மொழியில் அவர்கள் எழுதினர். தமிழில் கேட்க நாம் எத்தனை பேர் இருந்தோம்?

இக்கேள்வி வெளிமாநிலத்தில் வாழும் நம்மைத்தான் முதலில் சாரும். நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக மலையேறுகின்றனர். மும்பையில் இருப்போர் மழைக்காலத்தில் ராஜ்மாச்சிக்கும் ஹரிச்சந்திரகட்டுக்கும் போகின்றனர். தில்லிப் பிள்ளைகள் சிலர் உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் பயின்று பனிமலை ஏறுகின்றனர். திரும்பி வந்து வீட்டில் சொல்லும்போது மலையிடுக்குக்கு மராத்தியிலிருந்து ‘கிண்ட்’ என்கின்றனர், செங்குத்துப் பாறைக்குக் ‘கடா’ என்கின்றனர், ஒற்றையடிப் பாதைக்கு இந்தியிலிருந்து ‘பக்டண்டி’ என்கின்றனர், மற்றவை ஆங்கிலம். மராத்தியும் இந்தியும் வருவதில் நமக்கு வருத்தமில்லை. அந்த மலைகளின் சொற்கள் அவை, அங்கே கற்கவேண்டியவை. ஆனால் பெற்றோர் பதிலுக்குச் சொல்லும் தமிழ் ‘ஓ, அழகா இருந்ததா?’ என்பதோடு நின்றுவிடுகிறது. அழகு என்ற ஒரு சொல் நம்மிடம் எஞ்சியிருக்கிறது. அதர், விடர், அளை, சாரல், அடுக்கம், கவான் ஆகியவை அகராதிக்குப் போய்விட்டன. இவற்றுள் சாரல் மட்டும் குற்றாலத்தின் புண்ணியத்தால் பிழைத்தது. அதுவும் மலைச்சரிவு என்ற பொருளை விட்டுத் தூறல் என்ற பொருளில்.

கவலை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மனத்துயரம். பழந்தமிழில் அதற்கு வழி பிரியுமிடம் என்ற பொருளும் உண்டு. இரண்டு பாதைகளின் முன் திகைத்து நின்ற கால்களுக்கு இரண்டு பொருளுக்குமுள்ள உறவு விளங்கும். நாற்காலியில் அமர்ந்து அகராதி புரட்டினால் இரண்டு தனித்தனி எண்கள்தாம் தெரியும்.

மலைபடுகடாத்தில் வழி பிரியுமிடத்தைப் பற்றிய அறிவுரை ஒன்று, மலை கடந்து முல்லைநிலம் புகும் பகுதியில் வருகிறது. அந்த நாட்டை முன்பு நன்கு அறியாதவர்களாக வரும் கூத்தர்களைப் புலவர் ‘புலம்பெயர்’ என்ற சொல்லாலேயே சுட்டுகிறார். இன்று இதழ்களும் மேடைகளும் நமக்கு வழங்கும் அடைமொழி அங்கே நடந்து களைத்த ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு அவர் சொல்வது: பாதைகள் கூடும் இடத்தில் தரையைத் துடைத்துச் சீராக்கி, புல்லை முடிந்து அடையாளமாக இட்டுச் செல்லுங்கள். பின்னே வருவோர் யார் என்று அவர் சொல்லவில்லை. அதே கூட்டத்தில் பின்தங்கியவர்களாக இருக்கலாம்; அடுத்த ஆண்டு வரும் வேறொரு கூட்டமாகவும் இருக்கலாம்.

நன்னனின் நவிரமலை, இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பர்வதமலை என்று அறிஞர் கூறுவர். கடப்பாறைகள் அறைந்த பாறைமீது சங்கிலியைப் பற்றிக்கொண்டு மக்கள் இன்றும் ஏறுகின்றனர். செங்கண்மா செங்கம் ஆயிற்று. சவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் கலக்கும் சேயாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் சென்னையிலிருந்து ஒரே நாளில் இவ்விடங்களை அடையலாம். போகிறவர்கள் பாட்டின் நடுப்பகுதியை, வழி சொல்லும் அடிகளை மட்டுமாவது, கையில் கொண்டுபோகலாம். பிள்ளைகள் முன்னே ஏறட்டும். பாசி எங்கே வழுக்குகிறது என்று அவர்கள் திரும்பிச் சொல்லும்போது எந்த மொழியில் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டே பெரியவர்கள் பின்னால் மெல்ல ஏறலாம்.